குடாவில் மீன்கள் ஏன் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடாவில் மாதாமாதம் வலை போட்டு, விழுந்த மீன்களை இனம் பிரித்து எண்ணும் வேலையில் இருந்தால், எதிரே வருபவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். பத்துப் பேருக்குத் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே விட்டுவிட்டேன்.

1. போன மாசம் கூட்டம் கூட்டமா இருந்த மீன் இந்த மாசம் காணோமே, அழிஞ்சு போச்சா?

அநேகமாக இல்லை. அது குடாவை விட்டு ஆழ்கடல் பக்கம் போயிருக்கலாம். குடாவுக்குள்ளேயே வேறு ஆழத்துக்கோ வேறு மூலைக்கோ நகர்ந்திருக்கலாம். நெத்திலி போல ஓரிரு வருடமே வாழும் சிறு மீன் என்றால், முட்டையிட்ட பெரிய மீன்கள் முடிந்துபோய், அடுத்த தலைமுறை வலையில் நிற்காத குஞ்சாக அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கலாம்.

‘காணோம்’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் உள்ள இந்த இடைவெளி கீழே பல பதில்களில் திரும்பத் திரும்ப வரும்.

2. மீன் கூட்டம், மீன் சமூகம் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. ஒரே இன மீன்கள் சேர்ந்து நீந்துவது கூட்டம். கடலோரத்தில் மாப்பு என்றும் சொல்வார்கள். சமூகம் என்பது ஓர் இடத்தில் ஒரு காலத்தில் சேர்ந்து வாழும் எல்லா இனங்களும்: காரல், மடவை, கிழங்கான், நாக்கு மீன், உளுவை, அவற்றைத் தின்ன வரும் ஊழியும் சீலாவும், எல்லாமே.

பருவத்தோடு சமூகம் மாறுகிறது என்றால் இரண்டு பொருள் உண்டு. புது இனங்கள் வந்து பழையவை போவது ஒன்று. அதே இனங்கள் இருந்தும், யார் அதிகம் யார் குறைவு என்ற வரிசை புரண்டுபோவது மற்றொன்று. எனக்குத் தெரிந்து பேச்சில் முதலாவதுதான் அடிபடும். வலையில் அதிகம் காண்பது இரண்டாவது.

3. கடல் முழுக்க ஒரே தண்ணிதானே? குடாவுல மட்டும் ஏன் இவ்வளவு மாற்றம்?

ஆழம் குறைவு என்பதால். அகலமான தட்டில் ஊற்றிய நீர் சீக்கிரம் சூடாகி, சீக்கிரம் ஆறும். அதே அளவு நீர் உயரமான குடத்தில் இருந்தால் நேரமாகும். குடா அந்தத் தட்டு. வெயில் ஏறினால் அடிவரை சூடு, குளிர்காற்று அடித்தால் அடிவரை குளிர்ச்சி.

அப்புறம் ஆறுகள். மழைக்காலத்தில் நன்னீரும் வண்டலும் உரச்சத்தும் வந்து கொட்டும். வாய் குறுகிய குடாவாக இருந்தால் அவை சட்டென்று வெளியே கலைந்துபோகாது. ஆகவே ஒரே ஆண்டுக்குள் வெப்பம், உப்பு, கலங்கல், உணவு நான்கும் குடாவில் பெரிய அளவில் ஏறி இறங்கும். திறந்த கடலில் வாழும் மீன் இவ்வளவு ஏற்ற இறக்கத்தைத் தன் ஆயுளில் பார்ப்பதே அபூர்வம்.

4. அப்போ வருஷம் பூரா குடாவுலயே இருக்கிற மீனே கிடையாதா?

உண்டு. உளுவை வகைகள், கடற்புல்லுக்குள் ஒளிந்து வாழும் குழல்மீன்கள் போன்றவை பிறந்து, வளர்ந்து, முட்டையிட்டு, அங்கேயே முடிந்துவிடும். பெரும்பாலும் விரல் நீளம்தான் இருக்கும். யாரும் இவற்றைத் தேடிப் போவதில்லை, ஆனால் தேடி வரும் மீன்களுக்கு இவைதான் சாப்பாடு.

மற்றவர்களில் மூன்று விதம். வளர்ந்த பிறகு ஒரு குறிப்பிட்ட பருவத்துக்கு மட்டும் வந்து போகிறவை. வெளியே கடலில் பிறந்து, குஞ்சாக உள்ளே வந்து, வளர்ந்ததும் வெளியேறுகிறவை. வழிதவறி வந்து ஓரிரு முறை மட்டும் வலையில் தென்படுகிறவை. இந்தக் கடைசி வகையால் இனப்பட்டியல் நீளுமே தவிர, மொத்த எண்ணிக்கையில் அதன் பங்கு சொற்பம்.

5. குளிர் தாங்காமத்தான் மீன் வெளியே போகுதா?

பாதி சரி. மீனுக்கு உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் வசதி கிடையாது (சூரை போன்ற சில விதிவிலக்குகள் உண்டு). நீர் குளிர்ந்தால் செரிமானமும் நீச்சலும் மந்தமாகும். ஆழமற்ற குடா, வெளிக்கடலைவிட வேகமாகக் குளிர்வதால், மிதவெப்ப நாடுகளில் பல மீன்கள் இலையுதிர் காலத்திலேயே வெளியே கிளம்பிவிடும்.

மீதிப் பாதி இதற்கு நேர்மாறானது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் உள்ள நாரகான்செட் குடாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ‘வின்டர் ஃப்ளவுண்டர்’ என்ற தட்டை மீன், குளிர் தொடங்கும்போதுதான் உள்ளே வருகிறது. குளிர்கால முடிவில் முட்டையிட்டு, கோடையில் ஆழமான குளிர்ந்த நீருக்குப் போய்விடுகிறது. சாதாரண மீனின் இரத்தம் பூஜ்யத்துக்குக் கீழே ஒரு டிகிரிகூடப் போகாமல் உறைந்துவிடும். கடல்நீர் உறைவதோ ஏறத்தாழ −1.9 டிகிரியில். அந்த இடைவெளியைச் சமாளிக்க இந்த மீனின் இரத்தத்தில் குளிர்காலத்தில் உறைதடுப்புப் புரதம் சுரக்கிறது. முட்டைகளைத் தின்னும் எதிரிகள் குறைவாக உள்ள பருவத்தில் இது குடாவைப் பயன்படுத்திக்கொள்கிறது. இது கிளம்பும் நேரத்தில் வெளியிலிருந்து ‘ஸ்கப்’, ‘பட்டர்ஃபிஷ்’ என்ற மீன்களும் கணவாயும் உள்ளே வருகின்றன. ஒரே குடாவில் குளிர்காலத்துக்கு ஓர் அணி, கோடைக்கு இன்னோர் அணி.

6. வெப்ப நாடுகள்ல குளிர்காலமே இல்லையே. அங்கே எதுக்குப் பருவ மாற்றம்?

அங்கே பருவத்தைத் தீர்மானிப்பவை காற்றும் மழையும். நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் சில டிகிரிகள் மட்டுமே மாறும். உப்பும் உணவும் கலங்கலும் தலைகீழாக மாறும்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் அது கலங்கிக் கொந்தளிக்கும். அதே காலத்தில் கிழக்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கித் திரும்பி, வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீரைக் கொண்டுவரும். இந்தியாவின் தென்மேற்குக் கரையில் கதை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, அடியிலிருக்கும் குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே எழுகிறது. நுண்பாசிகள் பெருகுகின்றன. மத்தி அந்தக் காலத்தை ஒட்டி முட்டையிடுகிறது, குஞ்சுகளுக்குச் சாப்பாடு தயாராக இருக்கிறது. ஆனால் அப்படி எழும் அடிநீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால், தரையோரம் வாழும் மீன்கள் அந்த நீரை விட்டு விலகிப்போகின்றன. ஒரே நிகழ்ச்சி மேல்மட்ட மீனுக்கு விருந்து, அடிமட்ட மீனுக்கு மூச்சுமுட்டல்.

‘வெப்ப மண்டலத்தில் பருவமே இல்லை’ என்று எழுதுகிறவர்கள் வெப்பமானியை மட்டும் பார்த்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

7. ஆத்து வெள்ளம் குடாவுக்குள்ள வந்தா கடல் மீன் செத்துப் போயிடாதா?

சட்டென்று வந்தால் சில சாகும். ஆனால் பெரும்பாலானவை விலகிவிடும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. எலும்பு மீன்களின் உடல்நீரில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். கடலில் இருக்கும்போது மீன் இடைவிடாமல் நீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ள வேண்டும். நன்னீரில் நீர் தானாக உள்ளே புகும் என்பதால், அதை ஓயாமல் சிறுநீராக வெளியேற்றி, உப்பைக் காப்பாற்ற வேண்டும். இரண்டு வேலைகளையும் மாற்றி மாற்றிச் செய்யத் தெரிந்த மீன்களுக்கு வெள்ளக்காலம் ஒரு வாய்ப்பு. மற்றவற்றுக்கு அது வெளியேறும் காலம்.

மடவை கழிமுகத்திலும் குடாவிலும் வளரும், முட்டையிடக் கடலுக்குப் போகும். கொடுவா ஆற்றிலும் இருக்கும்; முட்டையிட உப்புத் தேவை என்பதால் கழிமுகத்துக்கு இறங்கி வரும். (கொடுவா பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, பிறகு பெண்ணாக மாறும். இங்கே அது தேவையில்லாத தகவல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

கலங்கல் நீரைக் கெடுதலாகவே பார்க்கப் பழகிவிட்டோம். குஞ்சு மீனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். கண்ணால் பார்த்து வேட்டையாடும் பெரிய மீன்களுக்கு அது திரை.

8. கடல்ல பிறந்த குஞ்சுக்குக் குடா எங்கே இருக்குன்னு எப்படித் தெரியும்?

கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். சில மில்லிமீட்டர் நீளமுள்ள குஞ்சால் நீரோட்டத்தை எதிர்த்து நீந்த முடியாது. ஆனால் மேலும் கீழும் போக முடியும், அது போதும். கடல் ஏற்றத்தின்போது (ஓதம் ஏறும்போது) நீர் உள்ளே பாயும். அப்போது குஞ்சு அடியிலிருந்து மேலெழும்பி அதில் மிதந்து வரும். வற்றும்போது நீர் வெளியே இழுக்கும். அப்போது தரையோரம் இறங்கி ஒட்டிக்கொள்ளும், அங்கே ஓட்டம் குறைவு. இப்படி ஏற்றத்துக்கு ஏற்றம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்துவிடும். சில தட்டை மீன்கள், விலாங்கு, நண்டு இவற்றின் இளம் பருவங்களில் இது கவனிக்கப்பட்டிருக்கிறது. நீரின் மணமும், பாறைகளிலிருந்து வரும் ஒலியும்கூட வழிகாட்டும்.

உள்ளே வந்ததும் கடற்புல், அலையாத்தி வேர்கள், ஆழமற்ற சேற்றுத்திட்டுகள் இடம் தரும். அங்கே உணவு உண்டு, பெரிய வாய்கள் குறைவு.

வந்து சேரும் நேரம்தான் சிக்கல். நார்வே நாட்டு அறிஞர் யோகான் யோர்ட் 1914-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மஞ்சள்கரு தீர்ந்து, குஞ்சு முதன்முதலாக இரை தேடும் அந்தச் சில நாட்களில் உணவு கிடைக்கிறதா என்பதே அந்த ஆண்டுத் தலைமுறையின் அளவைத் தீர்மானிக்கிறது என்றார். பிறகு இங்கிலாந்து மீனியல் அறிஞர் டேவிட் குஷிங் இதை விரித்தார்: குஞ்சு வரும் காலமும் அதன் இரையான நுண்ணிய மிதவை உயிரிகள் பெருகும் காலமும் பொருந்தினால் நல்ல ஆண்டு, தவறினால் மோசமான ஆண்டு. ஆகவே ஒரு குடாவில் குஞ்சுகள் தோன்றும் மாதம் தற்செயலாக அமைந்ததில்லை. தவறான மாதத்தில் வந்தவற்றுக்குச் சந்ததி அதிகம் இல்லாமல் போயிருக்கும்.

9. கோடையில குடாவோட ஆழமான இடத்துல வலை காலியா வருது. குளிர்ச்சியான இடம்தானே, மீன் அங்கேதானே இருக்கணும்?

இருக்க ஆசைதான், மூச்சு விட முடியாது. கோடையில் சூடான, உப்புக் குறைந்த நீர் மேலே மிதக்கும். குளிர்ந்த, உப்பு மிகுந்த நீர் அடியில் தங்கும். இரண்டும் கலக்காது. மேலே செத்த பாசிகள் அடியில் விழுந்து அழுகும்போது அங்குள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகும், மேலிருந்து புதிதாக வராது. போதாக்குறைக்கு, சூடான நீரில் ஆக்சிஜன் கரைவதும் குறைவு. கடல்நீர் 10 டிகிரியில் இருந்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் வரை கரையும்; 30 டிகிரியில் 6-க்குச் சற்று மேல்தான். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தங்காது.

அமெரிக்காவின் செசபீக் குடாவில் ‘ஸ்ட்ரைப்டு பாஸ்’ மீன் கோடையில் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறது. மேலே போனால் சூடு, கீழே போனால் மூச்சுத்திணறல், நடுவில் மெல்லியதோர் அடுக்கு நீர். அலபாமாவின் மொபீல் குடாவில் இன்னும் வேடிக்கை. கோடையில் சில நாள் விடியலுக்கு முன், மெல்லிய கிழக்குக் காற்றும் ஏற்றமும் சேரும்போது, ஆக்சிஜன் இல்லாத அடிநீர் கரையை நோக்கித் தள்ளப்படும். அதற்கு முன்னே தட்டை மீன்களும் நண்டும் இறாலும் ஓடிவந்து, முழங்கால் நீரில் மயங்கிக் கிடக்கும். ஊர்க்காரர்கள் அதை ‘ஜூபிலி’ என்கிறார்கள். அன்று காலை கரையில் நின்று பார்த்தவர், குடா மீனால் நிரம்பி வழிகிறது என்றுதான் சொல்வார். உண்மையில் குடாவின் பெரும்பகுதி அந்த நேரத்தில் காலி.

10. காத்து மாறினா மீன் மாறும்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நான்கு திசைக் காற்றுக்கும் தமிழில் தனிப்பெயர் இருப்பது சும்மா இல்லை. மீன் காற்றை உணர்வதில்லை, காற்று நகர்த்தும் நீரை உணர்கிறது. கரைக்கு இணையாகக் காற்று தொடர்ந்து வீசினால், பூமியின் சுழற்சியால் மேல்நீர் காற்றின் திசையிலிருந்து விலகி நகரும்: வடகோளத்தில் வலப்பக்கம், தென்கோளத்தில் இடப்பக்கம். மேல்நீர் கரையை விட்டு விலகினால் அடிநீர் எழும் (6-ஆம் பதிலில் சொன்னது). கரையை நோக்கி வந்தால் வெளிக்கடல் நீரும், அதோடு குஞ்சுகளும் குடாவுக்குள் வரும். பலத்த காற்று, 9-ஆம் பதிலில் சொன்ன இரண்டு அடுக்குகளைக் கலக்கிவிடவும் செய்யும். கோடை முடிவில் ஒரு புயல் அடித்ததும் ஆழமான இடங்களுக்கு மீன் திரும்புவது அதனால்தான்.

11. பகல்ல ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு மாறுதே, அதுவும் பருவமா?

இல்லை, அது தினசரி நடமாட்டம். ஆனால் கணக்கில் குழப்பம் செய்யும். ஜனவரியில் பகலிலும் ஜூனில் இரவிலும் வலை போட்டுவிட்டு, வித்தியாசத்தைப் பருவத்தின் தலையில் கட்டக்கூடாது.

12. நிறைய இனம் கிடைக்கிற மாசம்தான் குடா ஆரோக்கியமா இருக்கிற மாசம்னு சொல்லலாமா?

அவசரப்படக் கூடாது. ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். ஒரு வலையில் 10 இனங்கள், ஒவ்வொன்றிலும் 100 மீன்கள். இன்னொரு வலையிலும் அதே 10 இனங்கள், ஆனால் காரல் மட்டும் 910, மற்ற ஒன்பதும் தலா 10. இரண்டிலும் இனம் 10, மீன் 1000. பன்மையை அளக்கும் ஷானன் குறியீட்டின்படி (எண் கூடினால் பன்மை அதிகம்) முதல் வலைக்கு 2.30, இரண்டாவதற்கு 0.50. இரண்டாவது குடா நோயுற்றதா? இல்லவே இல்லை. காரல் குஞ்சுகள் வந்து சேர்ந்த மாதமாக இருக்கலாம், அதாவது அந்தக் குடா தன் வேலையை மிகச் சரியாகச் செய்த மாதம்.

மறுபக்கம், இரண்டு பருவங்கள் சந்திக்கும் மாதத்தில், போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே வலையில் விழுவதால் இன எண்ணிக்கை உயரும். அது இடைமாதத்தின் இயல்பு. ஆரோக்கியத்தை இந்த ஒற்றை எண்ணிலிருந்து படிக்க முடியாது.

13. மீன் இல்லையா, இல்ல வலையில சிக்கலையா? எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

ஒரே வலையை மட்டும் நம்பினால் கண்டுபிடிக்க முடியாது. நீர் தெளிந்திருந்தால் மீன் வலையைப் பார்த்து விலகும், கலங்கினால் சிக்கும். குளிரில் மந்தமாக இருக்கும் மீன், இழுவை வலையிலிருந்து தப்ப முடியாது. அதுவே நிறுத்தி வைக்கும் செவுள் வலையில் சிக்காது, ஏனென்றால் அது நீந்தி வந்து மோதினால்தானே சிக்கும்! வலைக் கண்ணைவிடச் சிறிய குஞ்சு, மூன்று மாதம் கழித்து வளர்ந்து திடீரென ‘வந்து சேர்ந்த’ மாதிரித் தோன்றும். உண்மையில் அது ஏற்கெனவே அங்கேதான் இருந்தது.

அதனால் சின்னக் கண் வலை, பெரிய கண் வலை, ஒலி எதிரொலிக் கருவி என்று இரண்டு மூன்று வழிகளைச் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். இப்போது நீரை வடிகட்டி, அதில் மீன்கள் உதிர்த்த டி.என்.ஏ-வைப் படிக்கவும் செய்கிறார்கள். எந்த இனம் இருக்கிறது என்று அது சொல்லும். குஞ்சா பெரியதா என்று சொல்லாது. ஓட்டத்தோடு வேறிடத்திலிருந்து வந்த டி.என்.ஏ-வும் அதில் கலந்திருக்கும்.

14. வருஷத்துக்கு நாலு தடவை வலை போட்டா போதாதா?

படம் வரையப் போதும், கதை சொல்லப் போதாது. குஞ்சுகள் உள்ளே வருவது சில குடாக்களில் இரண்டு மூன்று வாரங்களில் முடிந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறவர் அதைத் தவறவிட்டு, ‘இந்த ஆண்டு குஞ்சே இல்லை’ என்று எழுதிவிடுவார். மாதம் ஒருமுறை, நிலவின் அதே பிறையில், அதே இடத்தில், அதே வலையில், அதே நேர இழுவை என்றால்தான் ஒப்பிடலாம். 5-ஆம் பதிலில் வந்த நாரகான்செட் குடாவில், ரோட் ஐலண்டு பல்கலைக்கழகம் 1959 முதல் வாரந்தோறும் இரண்டே இடங்களில் வலை இழுத்து எண்ணி வருகிறது. சலிப்பான வேலை என்று தோன்றும். அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல முடிவதே அந்தச் சலிப்பால்தான்.

15. போன வருஷம் ஜனவரியில இருந்த மீன் இந்த ஜனவரியில இல்ல. காலநிலை மாற்றம்தானே?

இரண்டு ஜனவரிகளை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே மாதத்தை ஒரே மாதத்தோடு ஒப்பிட்டது சரியான தொடக்கம். மேயோடு ஜனவரியை ஒப்பிடுகிறவர்களைவிட நீங்கள் மேல். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு இயல்பாகவே பெரிய ஏற்ற இறக்கம் உண்டு. நார்வே ஹெர்ரிங் மீனில் 1904-இல் பிறந்த ஒரு தலைமுறை மட்டும் பல ஆண்டுகள் பிடிபட்ட மீன்களில் பெரும்பங்காக இருந்தது. அப்படி ஒரு நல்ல தலைமுறை வயதாகி முடிந்தால், கடலில் வேறெதுவும் மாறாமலே மீன் குறையும். மழை தவறிய ஆண்டு, காற்று பிந்திய ஆண்டு, மீன்பிடி கூடிய ஆண்டு எல்லாமே இதே தோற்றத்தைத் தரும்.

நீண்ட தொடர் இருந்தால் பேசலாம். நாரகான்செட்டில் பல பத்தாண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது, குளிரை விரும்பும் அடிமட்ட மீன்கள் (வின்டர் ஃப்ளவுண்டர் உட்பட) குறைந்து, கோடைக்கு வரும் வெப்ப விரும்பிகளும் கணவாயும் கூடியிருப்பது தெரிந்தது. வெப்பம் உயர்ந்தது முக்கியக் காரணம், மீன்பிடியும் சேர்ந்துகொண்டது. அந்த இரண்டையும் முழுமையாகப் பிரித்தெடுக்க முடியும் என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் சந்தேகப்படுவேன்.

16. சரி, பருவமே முன்னாடி நகர்ந்துட்டா? மீனும் கூடவே முன்னாடி வந்துடும்தானே?

எல்லாம் வராது. சில மீன்கள் நீரின் வெப்பத்தைப் பார்த்து முட்டையிடத் தயாராகின்றன; அவை சீக்கிரம் வரும். சிலவற்றுக்குப் பகலின் நீளம்தான் அடையாளம், கடல் எவ்வளவு சூடானாலும் மார்ச் மாதப் பகலின் நீளம் மாறாது. வெள்ளத்துக்குக் காத்திருக்கும் மீன்கள் மழை எப்போது வருகிறதோ அப்போதுதான் நகரும். மிதவை உயிரிகளின் பெருக்கமோ ஒளி, வெப்பம், உரச்சத்து எல்லாவற்றையும் பொறுத்தது.

ஒரே குடாவில் இருக்கும் இனங்கள் இப்படி வெவ்வேறு கடிகாரங்களைப் பார்த்து நடப்பதால், வெப்பம் உயரும்போது சமூகம் மொத்தமாக இரண்டு வாரம் முன்னே நகர்வதில்லை. சில முன்னே வரும், சில அப்படியே நிற்கும். குஞ்சு வழக்கமான நாளில் வந்து சேரும், அதன் இரை முந்தைய வாரமே பெருகி முடிந்திருக்கும். 8-ஆம் பதிலில் சொன்ன பொருத்தம் அங்கே தவறுகிறது. இதை வலையில் உடனே பார்க்க முடியாது. குஞ்சுகள் எப்போதும் போல வந்துவிட்டன என்று அந்த மாதம் எழுதிவைப்போம். இரண்டு மூன்று ஆண்டு கழித்து, அந்தத் தலைமுறை பெரிய மீனாகித் திரும்ப வேண்டிய பருவத்தில்தான் வலை இலேசாக வரும்.